தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறினால்: நிர்வாகமும் தொழிலாளர்களும் அறிய வேண்டியவை

தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. நிறுவனம் அடுத்த ஆண்டு வேறு மாநிலத்துக்கு மாறுகிறது, உடன் வர விரும்புவோர் இரண்டு வாரத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பதே அதில் உள்ள செய்தி. கிள்ளானிலோ ஷா ஆலமிலோ 15, 20 ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு அந்த இரண்டு வாரம் போதுவதில்லை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, வயதான பெற்றோர் என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் தேதி வந்துவிடுகிறது. அவசரத்தில் போடும் கையெழுத்தில் பல்லாயிரம் வெள்ளி கைநழுவிப் போவதும் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து தொழிற்சாலைகள் வெளியேறுவது புதிதல்ல. நில விலை, வாடகை, லாரி நெரிசல், சுற்றிலும் எழும்பிவிட்ட குடியிருப்புகள் என்று காரணங்கள் பல. நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் புரோட்டோன். 1985-இல் முதல் சாகா கார் ஷா ஆலம் ஆலையிலிருந்து வெளிவந்தது. 2003-இல் பேராக், தஞ்சோங் மாலிமில் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. உற்பத்தி முழுவதையும் அங்கேயே ஒன்றிணைக்கும் திட்டத்தை நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. பெரிய ஆலை நகர்ந்தால் அதற்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் சிறிய தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டியிருக்கும். வடக்கிலும் இப்படித்தான் நடந்தது. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியது. இடமும் ஆட்களும் நெருக்கடியானபோது, 1996-இல் திறக்கப்பட்ட கெடா, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வளர்ச்சியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது.

நம் சமூகத்துக்கு இதில் தனிப்பட்ட நினைவும் உண்டு. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, தலைமுறைகளாக இருந்த லயங்களைவிட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அந்த நெருக்கடியில்தான் துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பின்னர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய காலத்தில், அவர்களின் பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தனர். இப்போது அந்தத் தொழிற்சாலைகளே பெயர்கின்றன. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, 1980-இல் வந்த ஒரு விதிமுறை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம். முதலில் நிர்வாகத்தின் பக்கம்.

உரிமம் கட்டடத்தோடு ஒட்டியது

சிறு, நடுத்தரத் தொழில் நடத்தும் இந்திய முதலாளிகள் பலர் இடமாற்றம் என்றதும் முதலில் லாரி வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். இயந்திரத்தை ஏற்றி இறக்குவது இதில் எளிதான வேலை. கையில் உள்ள உரிமங்களில் பெரும்பாலானவை அந்த முகவரிக்காகக் கொடுக்கப்பட்டவை என்பதுதான் உண்மையான சிக்கல். முகவரி மாறினால் உரிமம் தானாகப் பின்னால் வராது.

1975-ஆம் ஆண்டு தொழில் ஒருங்கிணைப்புச் சட்டத்தின்படி, பங்குதாரர் நிதி 25 லட்சம் வெள்ளியை எட்டிய அல்லது 75 முழுநேர ஊழியர்களைக் கொண்ட உற்பத்தி நிறுவனத்துக்கு உற்பத்தி உரிமம் வேண்டும். அது இடத்தோடு இணைந்த உரிமம். எனவே, மலேசிய முதலீட்டு மேம்பாட்டு வாரியமான மீடாவிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த அளவை எட்டாத சிறிய ஆலைக்கும் புதிய ஊரின் ஊராட்சி மன்ற வணிக உரிமம், தீயணைப்பு மீட்புத் துறையின் ஒப்புதல், சுற்றுச்சூழல் துறைக்கான அறிவிப்புகள் ஆகியவை உண்டு. சுங்கத் துறையின் உரிமம் பெற்ற உற்பத்திக் கிடங்காக இயங்கும் ஆலையென்றால் அந்த உரிமத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

மசாலைத் தூள், முறுக்கு, ஊறுகாய் தயாரிப்போர் கவனிக்க வேண்டியது ஹலால் சான்றிதழ். ஜாக்கிம் அல்லது மாநில சமயத் துறை வழங்கும் அந்தச் சான்றிதழ் வளாகத்துக்கு உரியது. புதிய வளாகத்துக்குப் புதிய விண்ணப்பம், புதிய ஆய்வு. சான்றிதழ் கைக்கு வராமல் புதிய ஆலையில் செய்த பொருளில் பழைய முத்திரையை அச்சிட முடியாது. பேரங்காடிகள் முத்திரையில்லாத பாக்கெட்டை அலமாரியில் வைப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதங்களில் இடம் மாறத் திட்டமிடும் மசாலை ஆலை, ஆண்டின் சிறந்த வியாபாரத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நிலத்தின் வகையைப் பார்க்காமல் முன்பணம் கட்டுவது இன்னொரு பழைய தவறு. தேசிய நிலச் சட்டத்தின் கீழ் நிலப்பட்டாவில் விவசாயம், கட்டடம், தொழில் என்று பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். விவசாய நிலத்தில் எழுப்பிய கொட்டகை வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கே சட்டப்படி ஆலை நடத்த முடியாது. உரிமமும் கிடைக்காது, தீ விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையிலும் சிக்கல் வரும். பட்டாவில் மாநில அரசின் ஒப்புதலின்றி விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது. அந்த ஒப்புதலுக்கே பல மாதங்கள் ஆகலாம். கட்டடத்துக்கு சிசிசி எனப்படும் நிறைவுச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மின்சாரம், அடித்தளம், கழிவு

புதிய ஆலைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை இயந்திரப் பட்டியலை வைத்துக் கணக்கிட்டு, தெனாகா நேஷனலிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேவை அதிகமென்றால் துணை மின் நிலையத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். கட்டடம் தயார், இயந்திரங்கள் வந்துவிட்டன, மின்சாரம் மட்டும் இல்லை என்ற நிலை வந்தால், வாடகையும் சம்பளமும் ஓடிக்கொண்டே இருக்கும், வருமானம் இருக்காது. தண்ணீருக்கும் இதே விதிதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீர் நிறுவனம் இருப்பதால், சிலாங்கூரில் பழகிய நடைமுறை பேராக்கிலோ ஜொகூரிலோ அப்படியே பொருந்தாது.

உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பெரிய பிரஸ் இயந்திரங்களைச் சாதாரணத் தரையில் வைக்க முடியாது. அவற்றுக்குத் தனி அடித்தளம் வேண்டும். கான்கிரீட் தன் முழு வலிமையைப் பெற 28 நாள் என்பது கட்டுமானத் துறையின் வழக்கமான கணக்கு. அவசரப்பட்டு அதற்கு முன்பே பாரத்தை ஏற்றினால் வெடிப்பு வரும், இயந்திரத்தின் மட்டம் பிசகும். அச்சகங்களிலும் இதே கதைதான். மட்டம் ஓர் இழை தவறினாலும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

நீராவிக் கொதிகலன், காற்றழுத்தக் கலன், பாரந்தூக்கி போன்றவற்றுக்கு ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் தேவை. 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இரத்தாகிவிட்டது. இப்போது திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தை மனத்தில் வைத்துத் தயாரித்த திட்டப் பட்டியல் எங்காவது கோப்பில் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடலாம்.

கிளம்பும்போது பழைய இடத்தைச் சுத்தமாக விட்டுச் செல்வதும் திட்டத்தின் ஒரு பகுதி. வாடகை ஒப்பந்தங்களில், கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். அதைவிட முக்கியம் திட்டமிடப்பட்ட கழிவுகள் எனப்படும் ஆபத்தான கழிவுகள். பழைய எண்ணெய், சாயக் கசடு, கரைப்பான், அவை ஒட்டிய துணிகள் எல்லாம் இதில் அடங்கும். 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இவற்றை 180 நாளுக்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ வளாகத்தில் சேர்த்து வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலம்தான் அகற்ற வேண்டும். கடைசி வாரத்தில் "எப்படியாவது அள்ளிக்கொண்டு போங்கள்" என்று யாரோ ஒரு லாரிக்காரரிடம் ஒப்படைத்தால் அது எந்த ஆற்றில் போய்ச் சேரும் என்பது யாருக்கும் தெரியாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதும், வட்டாரத்தின் பள்ளிகள் மூடப்பட்டதும் மறக்கக்கூடியவை அல்ல.

இரண்டு ஆலைகளும் ஒரே நேரத்தில் ஓடும் காலம்

இயந்திரங்களை ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போவது செலவைக் குறைக்கும் என்று தோன்றும். வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார் என்பதால் அனுபவமுள்ளவர்கள் வரிசை வரிசையாகத்தான் மாற்றுகிறார்கள். ஒரு வரிசையைக் கழற்றுவதற்கு முன்பு, அது நின்றிருக்கும் நாள்களுக்குத் தேவையான பொருளைக் கூடுதல் நேர வேலையில் செய்து இருப்பு வைக்கிறார்கள். வாகன உதிரிப்பாகம் செய்வோருக்கு இதில் இன்னொரு படி உண்டு. இடம் மாறியபின் அதே அச்சில், அதே இயந்திரத்தில் செய்த பொருளாக இருந்தாலும், மாதிரியை அனுப்பி வாடிக்கையாளரின் ஒப்புதலை மீண்டும் பெற வேண்டும். அதற்கான நாள்களையும் இருப்புக் கணக்கில் சேர்க்காவிட்டால் திட்டம் பொய்த்துவிடும்.

இங்கேதான் நிர்வாகத்தின் கணக்கும் தொழிலாளியின் வாழ்க்கையும் சந்திக்கின்றன. கூடுதல் இருப்பைச் செய்யப்போவது யார்? இடம் மாறிய இயந்திரத்தை அதன் ஓசையை வைத்தே சரிசெய்யத் தெரிந்தவர் யார்? பழைய ஊழியர்தான். அவரிடம் கடைசி நேரத்தில் செய்தி சொன்னால், அவர் அடுத்த வாரமே பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். செய்தியை மறைத்து வைப்பதால் வேலை அமைதியாக நடக்கும் என்று சில நிர்வாகங்கள் நம்புகின்றன. புதிய இடத்தை அளக்க வந்த குத்தகையாளர் தேநீர் குடிக்கும் கடையிலேயே அந்தச் செய்தி வெளிவந்துவிடும்.

இடமாற்றக் காலத்தில் வேலை இல்லாத நாள்கள் வரும். அப்போது "இரண்டு வாரம் வீட்டில் இருங்கள், சம்பளம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வேலை கொடுத்தால் மட்டுமே சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் உள்ள ஊழியருக்கு, தொடர்ச்சியான நான்கு வாரத்தில் மொத்தம் 12 வேலைநாள் வேலையும் சம்பளமும் தரப்படாவிட்டால் சட்டப்படி அது வேலைநிறுத்தி வைத்ததாகக் கருதப்பட்டு, இழப்பீட்டுக்கு வழிவிடும்.

ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி

தொழிலாளி முதலில் தேட வேண்டியது தன் வேலை ஒப்பந்தத்தை. பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்ட அந்தக் கடிதம் வீட்டில் எந்தப் பெட்டியில் இருந்தாலும் எடுத்துப் படிக்க வேண்டும். நிறுவனம் விரும்பும் எந்தக் கிளைக்கும், எந்த ஊருக்கும் ஊழியரை மாற்றலாம் என்ற வரி அதில் இருக்கிறதா?

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இதில் முக்கியமானது. ஊழியர் எந்த இடத்தில் வேலை செய்ய ஒப்பந்தமானாரோ அந்த இடத்தில் நிறுவனம் தன் தொழிலை நிறுத்துவது ஒரு காரணம். வேறு இடத்துக்கு மாறச் சொல்லி ஊழியர் மறுப்பது இன்னொரு காரணம். இந்தக் காரணங்களால் வேலை முடிவுக்கு வந்தால், சட்டம் குறிப்பிடும் குறைந்தபட்ச முன்னறிவிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஈராண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அது செல்லாது.

ஆனால் இடமாற்றத்தை ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால், மறுப்பவருக்கு அந்த இரண்டாவது காரணத்தின் பாதுகாப்பு இல்லை. அதற்காக நிர்வாகம் விரும்பியபடியெல்லாம் மாற்றலாம் என்றும் பொருளல்ல. ஒருவரைப் பழிவாங்கவோ வெளியேற்றவோ செய்யப்படும் இடமாற்றத்தைத் தொழிலியல் நீதிமன்றம் ஏற்பதில்லை. சம்பளமும் பதவியும் குறைந்தாலும் கேள்வி எழும்.

இழப்பீட்டுக் கணக்கு

வேலை முடிவுறுத்தல், பணிநிறுத்த அனுகூலங்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள்தான் முன்னர் குறிப்பிட்டது. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இது பொருந்தும். சேவைக் காலம் ஈராண்டுக்குக் குறைவு என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். ஓராண்டு நிறைவடையாத மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு. ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதத்தின் சராசரி.

மாதம் 2,600 வெள்ளி பெறும் ஒருவர் 11 ஆண்டு வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 31,200 வெள்ளி. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 85 வெள்ளி 48 காசு. 20 நாள், 11 ஆண்டு, மொத்தம் 220 நாள். கிடைக்க வேண்டியது ஏறக்குறைய 18,805 வெள்ளி. இதோடு 8 வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம். எடுக்காத ஆண்டு விடுப்பின் பணமும் தனி.

இந்தத் தொகையை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை எழுத்திலும் தர வேண்டும். தொழிற்சங்கம் உள்ள இடத்தில் கூட்டு ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டாலும், மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் பெறுவோருக்கு இந்தச் சட்டரீதியான இழப்பீடு பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தையே நம்ப வேண்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன.

இழப்பீடாகப் பெறும் தொகையில், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 10,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. ஊழியர் சேமநிதிக்கான சந்தாவும் இதில் பிடிக்கப்படுவதில்லை.

ஒரு நுணுக்கமும் இருக்கிறது. பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளோடு மீண்டும் வேலை தருவதாக, வேலை முடியும் நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு நிர்வாகம் முன்வந்து, ஊழியர் நியாயமான காரணமின்றி மறுத்தால் இழப்பீடு இல்லை என்கிறது அதே விதிமுறை. 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில் அதே சம்பளத்துக்கு வேலை என்பது "குறையாத நிபந்தனை"தானா, பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிப் பெற்றோரையும் வைத்திருப்பவரின் மறுப்பு "நியாயமற்றதா" என்பதில்தான் வழக்குகள் எழுகின்றன. எனவே, மறுப்பவர் வெறுமனே "வரமாட்டேன்" என்று சொல்லாமல், காரணங்களைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

ராஜினாமா கடிதம் வேறு, மறுப்புக் கடிதம் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான். உடன் வர இயலாதவர்களிடம், "இங்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்று அச்சிட்ட தாள் ஒன்று நீட்டப்படலாம். அதில் "சுயவிருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்ற பொருளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி இருந்தால், அது ராஜினாமா. தானாக விலகியவருக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறையின் இழப்பீடு இல்லை. பெர்கேசோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதி உதவியும் இல்லை. மேலே கணக்கிட்ட 18,805 வெள்ளி அந்த ஒரு வரியில் போய்விடும். இடமாற்றத்தை ஏற்க இயலவில்லை என்பது வேறு, வேலையைவிட்டு விலகுகிறேன் என்பது வேறு. மொழி புரியாவிட்டால் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவதில் தவறே இல்லை.

வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2018-இல் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் தலா 0.2 விழுக்காடு செலுத்துகிறார்கள். சம்பளச் சீட்டில் அந்தச் சிறு பிடித்தத்தைப் பலரும் கவனிப்பதேயில்லை. வேலை இழந்தவருக்கு வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30 விழுக்காடு. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது செலுத்திய சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 வரை மாறும். 2,600 வெள்ளிக்காரருக்கு ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 7,020 வெள்ளி. கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளி. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 60 நாள் என்பது இன்னோர் இடத்திலும் வருகிறது. தான் நியாயமின்றி வெளியேற்றப்பட்டதாகக் கருதுபவர் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுக்கவும் அதே 60 நாள்தான் அவகாசம். இழப்பீட்டுத் தொகையில் தகராறு என்றால் போக வேண்டியது ஆள்பல இலாகாவுக்கு.

ஆட்குறைப்பு செய்யும் நிர்வாகம் பிகே பாரம் எனப்படும் படிவத்தைக் குறைந்தது 30 நாள் முன்பு ஆள்பல இலாகாவில் சமர்ப்பிக்க வேண்டும். மேலும், ஆட்குறைப்பில் ஒரே வகையான வேலையைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முதலில் நிறுத்திய பிறகே உள்நாட்டவரை நிறுத்தலாம் என்கிறது வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60என் பிரிவு.

கணக்கில் வராதவர்களும் உண்டு. காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், லாரி உதவியாளர்கள் என்று அங்கேயே பல ஆண்டு வேலை செய்தாலும் ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் இவர்கள். இவர்களில் நம்மவர்கள் கணிசம். இவர்களின் முதலாளி தொழிற்சாலை அல்ல, ஒப்பந்ததாரர். சேவைக் காலமும் இழப்பீடும் அவரிடமே கேட்கப்பட வேண்டும். தொழிற்சாலை சிற்றுண்டிக் கடை நடத்துபவருக்கும், ஷிப்ட் வேனை ஓட்டுபவருக்கும் சட்டத்தில் எதுவும் இல்லை. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது நிர்வாகத்தின் நாகரிகத்தைப் பொறுத்தது.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு

ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானபின், தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஆலையை மாற்றும் பேச்சு கூடியிருக்கிறது. எல்லை தாண்டும் இடமாற்றத்தில் ஒரு வேறுபாடு முக்கியம். சிங்கப்பூரில் ஆட்குறைப்பு இழப்பீடு சட்டக் கட்டாயம் அல்ல. ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இருந்தால்தான் உரிமை. ஈராண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு 2 வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது அங்குள்ள வழக்கமான அளவு. 10 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஊழியரிடம் தெரிவித்த 5 வேலைநாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சென்று வேலை பார்க்கும் மலேசியருக்கு, ஆலை தன் வீட்டுக்கு அருகில் வருவது நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து ரிங்கிட்டுக்கு மாறும்போது அதே எண் அதே எண்ணாக இருக்காது.

உடன் செல்பவர்களுக்கு

போக முடிவெடுத்தவர்கள் கேட்டுப் பெற வேண்டியவை சில. சேவைக் காலம் முறியாமல் தொடரும் என்ற எழுத்துபூர்வ உறுதி முதலாவது. புதிய நிறுவனத்தின் பெயரில் புதிய கடிதம் கொடுத்து, பழைய 11 ஆண்டு அழிந்துபோனால் அடுத்த முறை கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இடப்பெயர்வுப் படி, முதல் மாதங்களுக்குத் தங்குமிடம், வார இறுதிப் போக்குவரத்து ஆகியவை சட்டத்தில் இல்லாதவை. பேசித்தான் பெற வேண்டும். தனித்தனியாகக் கேட்பதைவிட, சங்கம் இல்லாத இடத்திலும் நான்கு பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது பயன் தரும்.

தஞ்சோங் மாலிமையே எடுத்துக்கொண்டால், கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராக அங்கே செல்கிறது. காகிதத்தில் பார்த்தால் வசதிதான். காலை 7 மணி ஷிப்டுக்கு அந்த ரயிலில் போய்ச் சேர முடியுமா என்பதை ஒரு நாள் பயணம் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். காரில் போனால் டோல், பெட்ரோல், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஆபத்து. குடும்பத்தோடு குடிபெயர்ந்தால் வாடகை குறையும். ஆனால் மனைவிக்கு அங்கே வேலை கிடைக்குமா என்ற கேள்வி நிற்கும். இரண்டு சம்பளம் ஒன்றானால் குறைந்த வாடகை மிச்சமாகாது.

பிள்ளைகள் விஷயத்தில் தமிழ்ப்பள்ளி எங்கே இருக்கிறது, தொழிற்சாலை வீடமைப்புப் பகுதியிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளி வேன் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தோட்டப்புறங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் பள்ளி இருக்கும், புதிய வீடுகளுக்கு அருகில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் புதிய குடும்பங்களை இரு கை நீட்டி வரவேற்கும். எஸ்பிஎம் எழுதப்போகும் பிள்ளை இருந்தால், அந்த ஓராண்டு மட்டும் தந்தை தனியாகப் போய்வருவதைப் பல குடும்பங்கள் தேர்ந்தெடுக்கின்றன. பள்ளி மாற்றத்துக்கான விண்ணப்பம் புதிய முகவரிக்கான ஆதாரத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாகச் செல்லும் என்பதால், வாடகை ஒப்பந்தத்தை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

போகாதவரும் சரி, போகிறவரும் சரி, பழைய ஆலையின் அலுவலகம் பூட்டப்படுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் இவை: சேவைச் சான்றிதழ், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள், வருமான வரிக்கான இஏ படிவம், இழப்பீட்டுக் கணக்கு விவரம், பாரந்தூக்கி, ஃபோர்க்லிஃப்ட், கொதிகலன் இயக்கப் பயிற்சிச் சான்றிதழ்களின் மூலப் பிரதி. பூட்டிய கட்டடத்தின் கோப்புகள் எந்த லாரியில் எந்த ஊருக்குப் போயின என்று ஆறு மாதம் கழித்துத் தேடுவது பெரும்பாடு.